ரொட்டித்துறை

கெமுனிங் ஏரியை ஏரி என்று சொன்னால் தண்ணீர் இலாகாக்காரர்களுக்குப் பிடிக்காது. நீர்த்தேக்கம் என்று திருத்துவார்கள். திருத்திவிட்டுப் போகட்டும், தாமான் கெமுனிங் குடியிருப்பு வாசிகளுக்கு அது ஏரிதான். பாலிக் புலாவ் போகிற மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறி, டுரியான் தோட்டங்கள் தொடங்கும் முன் இடப்பக்கம் திரும்பினால் மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் வரிசை வீடுகளுமாக அது கிடக்கும். மேலிருந்து ஓடைகள் வந்து விழும். கீழே குழாய் வழியாக அந்தத் தண்ணீர் ஜார்ஜ் டவுன் வரைக்கும் போகும். டவுனில் குழாயைத் திறந்து முகம் கழுவுகிறவர்களுக்கு இது தெரியாது. கெமுனிங் வாசிகளுக்குத் தெரியும், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நவமணிக்கு அந்தக் கர்வம் கொஞ்சம் அதிகம். பாயான் பாருவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவள். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. வேலையை விட்டதும் அந்தத் தொண்டை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஏரிப் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்துகொண்டாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், கூட்டுப்பணி. தாமானே திரண்டு வந்து கரையில் குப்பை பொறுக்கும், ஓடை வாயில் வலை கட்டும், நீர்ச்செடியை வாரிக் கரையேற்றும். நவமணி நின்றால் பாதி நேரத்தில் வேலை முடியும் என்று மலாய்க்காரர்களும் சீனர்களும்கூடச் சொன்னார்கள். அவள் மலாய் பேசினாலும் அதட்டல் மட்டும் தமிழில் இருக்கும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய கணவர் புவனேஸ்வரன் ரொட்டிக்காரர். விடியும் முன்னே மோட்டார் சைக்கிளில் டவுனுக்கு இறங்கி, நாகூர் மீரான் ரொட்டிக் கடையில் சூடு ஆறாத பெங்காளி ரொட்டி, தேங்காய் பன், கிஸ்மிஸ் பன் எல்லாம் ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் முறுக்குப் பாக்கெட் தொங்க, ஹார்ன் அடித்தபடி அடுக்குமாடி அடுக்குமாடியாகச் சுற்றிவிட்டு மதியம் வீட்டுக்கு வருவார். மிஞ்சிய ரொட்டியும் கூடவே வரும்.

இவர்களுக்கு ஒரே மகன், யுகேந்திரன். செபராங் ஜெயாவில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சில வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு டெங்கி வந்தது. சாதாரணமாக வரவில்லை. ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போய், டாக்டர்கள் நவமணியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திய கட்டம். யாரோ சொல்லி பட்டர்வொர்த்தில் ஒரு ஜோசியரிடம் ஓடினாள். சனி பார்வை, சனிக்கிழமை மீனுக்கு இரை போடு என்றார். வேறு எங்கே போவாள்? வீட்டு வாசலில் ஏரி, வீட்டுக்குள்ளே மிஞ்சிய ரொட்டி. கரையில் இருந்த பழைய கல் படிக்கட்டில் உட்கார்ந்து பெங்காளி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். கருப்பும் சிவப்புமாகத் திலாப்பியா மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு வந்தன. அந்த வாரமே ரத்த அணுக்கள் ஏறின. பையன் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றான். ஊசி போட்ட டாக்டருக்கும் கண்விழித்த நர்ஸுக்கும் நவமணி ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்தாள். மீன்களுக்கோ வாழ்நாள் முழுக்கச் சனிக்கிழமை ரொட்டி என்று நேர்ந்துகொண்டாள்.

இப்படிப்பட்ட சேதிக்குக் கால் முளைக்க நேரமாகுமா? கோயிலில் இரண்டு பேரிடம் சொன்னாள், அவர்கள் இருபது பேரிடம் சொன்னார்கள். பரீட்சை எழுதுகிற பிள்ளை, கல்யாணம் தள்ளிப் போகிற பெண், கோர்ட்டில் கேஸ் இருக்கிறவர், எல்லாரும் வந்தார்கள். கடல் பாலம் தாண்டி காடியிலும் வேனிலும் வந்தார்கள். படிக்கட்டுக்கு ரொட்டித்துறை என்று பெயரே வந்துவிட்டது. வெறுங்கையோடு வருகிறவர்களுக்காக நவமணி மிஞ்சிய ரொட்டியைப் பை பையாகக் கட்டி வாசல் மேசையில் வைத்தாள். காசு வாங்க மாட்டாள். போதாதபோது புவனேஸ்வரன் கூடுதலாகவே எடுத்து வந்தார். ரொட்டிக்காரர் என்று கூப்பிட்டவர்கள் அவரை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது.

இந்த வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு மழை நின்றது. ஏரி இறங்கியது. தண்ணீர் முதலில் வெளிறியது, பிறகு பச்சையானது, பிறகு கரையோரம் பெயின்ட் ஊற்றியது மாதிரி தடித்துக் கிடந்தது. காலையில் நடக்கப் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

தண்ணீர் இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். நல்ல மனிதர், நவமணி கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் கெட்ட சேதியைச் சொன்னார். இப்படியே போனால் இங்கிருந்து தண்ணீர் எடுப்பதை நிறுத்த வேண்டியதுதான், நிறுத்தினால் ஏரியைச் சுற்றி வேலி வரும், அப்புறம் கரைக்கு ஒருவரும் வர முடியாது. அதற்குள் உங்களால் முடிந்ததைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே குழு கூடியது. செயலாளர் கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர், வேட்டியைக்கூட இஸ்திரி போட்டுத்தான் கட்டுவார். தண்ணீரைச் சோதிக்கும் பொறுப்பு சித்தி ஹாஜரா என்ற பெண்மணிக்கு. பள்ளிக்கூட விஞ்ஞானக் கூடத்தில் உதவியாளராக இருந்தவர், நவமணிக்குப் பக்கத்து வீடு, அக்காள் முறை. ஒரு வெள்ளைத் தட்டில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டி, வாரா வாரம் ஏரியில் பல இடங்களில் இறக்குவார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுவரைக்கும் தண்ணீர் தெளிவு என்று கணக்கு.

"இதுல யோசிக்க என்னா இருக்கு?" என்றாள் நவமணி. "மேல ஆ சுவான் தோட்டம். கோழிச் சாணி லோரி லோரியா ஏத்துறான். அது ஓடையில கலந்து நேரா நம்ம தலையிலதான் விழுது."

கார்த்திகேசு ஹாஜராவைப் பார்த்தார். ஹாஜரா தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தார்.

"அப்பிடியும் இருக்கலாம்," என்றார் கார்த்திகேசு.

"இருக்கலாம் என்னா இருக்கலாம். நாளைக்குப் போய் கேட்டுப்புடுவோம் வாங்க."

மறுநாள் மூன்று பேரும் மலை ஏறினார்கள். ஆ சுவான் டுரியான் மரத்தடியில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தக்கூட விடாமல் நவமணி மலாயில் பிடிபிடி என்று பிடித்தாள். ஊரே குடிக்கிற தண்ணீர், உங்கள் டுரியான் இனிக்க வேண்டும் என்பதற்காக நாங்கள் சாணித் தண்ணீர் குடிக்க வேண்டுமா, தோட்ட முதலாளித் தவுக்கேக்கு மனச்சாட்சி இல்லையா என்று. அவர் முழுவதையும் கேட்டார். மெஷினைக் கீழே வைத்தார், முகத்தைத் துடைத்தார், வாருங்கள் என்று கையால் காட்டிவிட்டு முன்னே நடந்தார்.

ஓடை கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கூழாங்கற்களுக்கு நடுவே சின்ன இறால்கள் ஓடின. கரையின் இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல்லை வெட்டாமல் விட்டிருந்தார். சாணம் மலையின் மறுபக்கச் சரிவில், தகரக் கூரைக்குக் கீழே மூடிக் கிடந்தது. ஆ சுவான் குனிந்து இரண்டு கையாலும் ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிறகு மலாயில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "சனிக்கிழமை காலையில் என் அம்மாவை ஏரிக்கரைக்கு நடக்கக் கூட்டி வருவேன். நாற்றம் இங்கே இல்லை. உங்கள் படிக்கட்டில்தான்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு புட்டி ஜாதிக்காய் ஊறல் வேறு கொடுத்து அனுப்பினார். இறங்கி வரும்போது நவமணியின் வாய் மூடியிருந்தது. அப்படி ஒரு காட்சியைத் தாமான்வாசிகள் பார்த்ததில்லை.

"அவன் என்னாக்கா சொல்றான், நம்ம படிக்கட்டுன்னு?"

"வெயிலு சூடா இருக்கு மணி," என்றார் ஹாஜரா. "வீட்டுக்குப் போய் பேசலாம்லா."

வீட்டுக்குப் போயும் பேசவில்லை. அதற்கு அடுத்த நாள் விடியும்போது மீன்கள் மிதந்தன.

ரொட்டித்துறையிலிருந்து பத்து வீட்டு நீளத்துக்குக் கரையோரம் முழுக்க வெள்ளை வயிறு. தாமான் முழுக்கக் கூடைகளோடு இறங்கியது. பல் தேய்க்காமல் வந்தவர்கள், தொழுகை முடித்து வந்தவர்கள், வேலைக்குப் போக ஷூ மாட்டியவர்கள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆ சுவானும் தன் பிக்கப்பில் வந்து, செத்த மீனையெல்லாம் நான் கொண்டுபோய்ப் புதைக்கிறேன் என்று கதவைத் திறந்துவிட்டார். நவமணி முழங்கால் தண்ணீரில் நின்று வலைக் கரண்டியால் அள்ளிக்கொண்டே இருந்தாள். மூன்று வருஷமாகத் தன் கையால் தின்று வளர்ந்த மீன்கள். ஒற்றைக் கண் பழுதான பெரிய திலாப்பியா ஒன்று இருந்தது, அவள் உட்கார்ந்ததும் முதலில் வருவது. அதையும் அள்ளினாள். அழுகை வந்தது. எல்லாரும் பார்க்கும்படியே அழுதுகொண்டு அள்ளினாள்.

ஹாஜரா அந்தப் பெரிய மீனை வாங்கிப் படியில் வைத்து வயிற்றைக் கீறினார். உள்ளே மாவாக ஊறிய ரொட்டி. நடுநடுவே உப்பிப் போன கருப்பு மணிகள்.

"கிஸ்மிஸ்," என்றாள் நவமணி. இந்த மலையில் கிஸ்மிஸ் பன் ஒருவருடைய மோட்டாரில்தான் வரும்.

ஹாஜரா கத்தியைக் கழுவினார்.

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"தட்டு எறக்க ஆரம்பிச்சதிலருந்து. ஓடை வாயில எறக்குனா ஆழத்துல போயும் பளிச்சுன்னு தெரியுது. இங்க எறக்குனா முழங்கை ஆழத்துல காணாம போயிடுது. மீனு திங்கிறது கொஞ்சம்தான் மணி. மிச்சம் அடியில போய் ஊறி அழுகுது. அதைத் தின்னு பாசி வளருது. ராத்திரியில அந்தப் பாசி தண்ணியில இருக்கிற காத்தையெல்லாம் இழுத்துக்குது. மீனு மூச்சு முட்டி செத்துப்போவுது."

நவமணி கார்த்திகேசு பக்கம் திரும்பினாள். "ஐயாவுக்குத் தெரியுமா?"

கார்த்திகேசு கூடையைக் கீழே வைத்தார். "தெரியும், பிள்ளை."

"எல்லாருக்கும் தெரியுமா?"

கூடையோடு நின்றவர்கள் மீனை அள்ளக் குனிந்தார்கள். ஹாஜராதான் பேசினார். "மகன் பொழச்சு வந்த தாயிக்கிட்ட போயி, அதை நிறுத்துன்னு யாரு சொல்றது? நான் மாட்டேன்னேன். கார்த்திகேசு அண்ணன் அவருக்கு வாய் வராதுன்னாரு. ஆ சுவான் தோட்டத்துக்குப் போவோம்னு நீ சொன்னதும், சரி, கொஞ்ச நாளு தள்ளிப்போகட்டும்னு நாங்களும் கெளம்பிட்டோம்."

"பாவம் அந்த மனுசன். ஒண்ணும் தெரியாம அவரை அந்தக் கிழி கிழிச்சேன்." நவமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னை என்னா கண்ணாடி சாமான்னு நெனைச்சீங்களா? ஒடைஞ்சிருவேன்னா? மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா இந்த மீனு பொழச்சிருக்கும்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அங்கே நின்றவர்களுக்கு ஒரு நிம்மதி. அழுகிற நவமணியை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. கோபப்படுகிற நவமணி பழக்கப்பட்டவள்.

மதியம் புவனேஸ்வரன் வந்து மோட்டாரை நிறுத்தியபோது சமையல் ஆகியிருந்தது. ரசம், பயத்தங்காய், முட்டை சம்பல். வெள்ளிக்கிழமையும் இல்லாத நாளில் மீன் இல்லாத சாப்பாடு அந்த வீட்டில் அபூர்வம். அவர் தட்டைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வரும் வழியிலேயே சேதி தெரிந்திருந்தது.

"இனிமே ரொட்டி போடக் கூடாதுங்க," என்றாள் நவமணி.

"சரி. கிஸ்மிஸ் பன்னு வேணாம். பெங்காளி ரொட்டி மட்டும் போடுவோம்."

"எந்த ரொட்டியும் வேணாம். நானும் போடல, யாரையும் போட விடப்போறதும் இல்ல."

புவனேஸ்வரன் கையை உதறினார். "மத்தவங்கள நிறுத்து, நான் வேணாங்கல. நம்ம எப்படி நிறுத்துறது? நேர்ந்துகிட்டோம்லா. ஆயுசு முழுக்கன்னு வாய்விட்டுச் சொன்னே. இந்த வாரம் சனிப்பெயர்ச்சி வேற வருது, நம்ம பையன் ராசிக்கு நல்லா இல்லன்னு பேப்பர்ல போட்டுருக்கான். பாலத்துல தெனமும் மோட்டார்ல போய் வர்ற புள்ள."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுகிட்டே எப்படி மணி?"

அவளுக்கும் பயம்தான். அவரைவிட அதிகம். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களை அவள் உடம்பு மறக்கவில்லை, இப்போதும் டெட்டால் வாடை அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். ரொட்டியைப் போட்டபோதெல்லாம் ஒரு கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டுகிற நிம்மதி இருந்தது. அந்தத் தாழ்ப்பாளை இப்போது தானே கழற்ற வேண்டும். ஆனால் அந்த ஒற்றைக் கண் மீனின் வயிறும் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அவனைக் கேப்போம்," என்றார் புவனேஸ்வரன்.

"எதுக்குக் கேக்கணும்? நேர்ந்துகிட்டது நான். பேச்சு எனக்கும் சாமிக்கும் உள்ளது. மீனைச் சாகடிக்கிற ரொட்டிக்குப் புண்ணியம் குடுக்கிற அளவுக்கு அந்தச் சாமி கேவலமில்ல." அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "சாப்பிடுங்க. சனிக்கிழமை மோட்டாருக்கு லீவு போடுங்க, எனக்கு ஆளு வேணும்."

அவர் போட மாட்டேன் என்றார். ரொட்டியைக் குறைக்க மாட்டேன் என்றும் சொன்னார். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை.

குழுவில் வேறொரு சிக்கல். அறிவிப்புப் பலகை வைக்கலாம் என்றார் கார்த்திகேசு. மும்மொழியில் வாசகம்கூட எழுதி வைத்திருந்தார்.

"பலகை வேணாம்யா," என்றாள் நவமணி. "குப்பை போடாதேன்னு போர்டு வச்ச எடத்துலதான் நம்மாளுங்க குப்பை போடுவாங்க. போடாதேன்னா கோவிச்சுக்குவாங்க. கஷ்டத்தோட வர்றவங்களுக்குக் கைக்கு ஒரு வேலை வேணும். கோயில்ல உழவாரப் பணின்னு தரையத் தேய்க்கிறோம், குளத்தத் தூர் வாருறோம். அதுவும் சாமி காரியந்தானே? இங்கயும் அதான். ஆளுக்கு ஒரு கூடை பாசி, ஒரு கூடை சேறு. போட வந்தவங்க எடுத்துட்டுப் போவட்டும்."

"நல்ல யோசினைதான். ஆனா ஆக்கள் கேப்பினமோ? நல்ல சேலை கட்டிக்கொண்டு வருகினம். சேத்துக்குள்ள இறங்குங்கோ எண்டால் இறங்குவினமோ?"

"மீனுக்குப் போடுன்னு சொன்னப்ப யாரு பேச்சைக் கேட்டு வந்தாங்க?"

"உங்கட பேச்சைத்தான்."

"அப்புறம் என்னாய்யா?"

சனிக்கிழமை எப்போதையும்விட மூன்று மடங்கு கூட்டம். சாலை வளைவு வரைக்கும் காடிகள் நின்றன. கறுப்புத் துணி கட்டியவர்கள், எள்ளுப் பொட்டலம் வைத்திருப்பவர்கள், கக்கத்தில் ரொட்டியோடு குழந்தைகள். வாசல் மேசையில் ரொட்டிப் பை இல்லை. கூடைகளும் கையுறைகளும் நீளக் கம்பு வைத்த வாரிகளும் இருந்தன. ஆ சுவானின் பிக்கப் பின்புறம் திறந்து நின்றது. வாரிய பாசியை எருக்குழிக்குக் கொண்டுபோக. ஹாஜரா பெரிய பாத்திரத்தில் இஞ்சி தட்டிப் போட்டு தே ஆலியா கலக்கி வைத்திருந்தார். நவமணி ரொட்டித்துறையின் முதல் படியில், சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு நின்றாள்.

"ரொட்டியெல்லாம் காடியில வச்சுட்டு வாங்க," என்றாள். தொழிற்சாலைத் தொண்டை வளைவு வரைக்கும் கேட்டது. "போன வாரம் நம்ம போட்ட ரொட்டியில மீனெல்லாம் செத்துப் போச்சு. தண்ணியும் கெட்டுப் போச்சு. நான்தான் போடச் சொன்னேன், நானே சொல்றேன், இனிமே வேணாம்."

பட்டர்வொர்த்திலிருந்து வந்த தடித்த மனிதர் ஒருவர் முன்னால் வந்தார். "அக்கா, ஒங்க புள்ள பொழச்சிருச்சு. ஒங்க காரியம் முடிஞ்சுது. எங்க காரியம் என்னாவுறது?"

"ஒங்களுக்கு என்னா காரியம் தம்பி?"

"வீட்டு லோன். பேங்குல இழுத்தடிக்கிறான்."

"அப்ப ரெண்டு கூடை எடுங்க. பேங்கு காரியம் பெரிசு."

சிரித்தார்கள். சிரிப்பு வந்த பிறகு கூட்டத்தை நடத்துவது எளிது. நாலைந்து குடும்பங்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனது உண்மைதான். அக்கரையில் இரண்டு பேர் திருட்டுத்தனமாக ரொட்டி வீசப் போய், மலாய்ப் பெண்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்மைதான். மற்றவர்கள் இறங்கினார்கள். பேங்குக் காரியக்காரர் ஐந்து கூடை எடுத்தார். இஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார்த்திகேசுவே சேற்றில் இறங்கியதும் தயங்கியவர்களுக்கு வெட்கம் விட்டது. பிக்கப் நிறைந்து போய், மறுபடி வந்து, மறுபடி நிறைந்தது. இடையில் ஒரு தடவை நவமணி நிமிர்ந்தபோது, அக்கரை மேட்டில் தன் கணவருடைய மோட்டார் நிற்பதைப் பார்த்தாள். ரொட்டிப் பெட்டியைத் திறக்காமல் அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கூப்பிடவில்லை.

கூட்டம் கலையும் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். இரவு ஷிப்ட் முடித்த தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அதில் மோகனா என்று இருந்தது. நெஞ்சோடு அணைத்து ஒரு முழு பெங்காளி ரொட்டி வைத்திருந்தாள். நேராகப் படிக்குப் போனவளை நவமணி கையை நீட்டி நிறுத்தினாள்.

"இனிமே போடறதில்லமா."

"தெரியும்கா. அங்க சொன்னாங்க. நான் ஒரு துண்டு மட்டும் போட்டுட்டுப் போயிடறேன்."

"யாருக்கு?"

"அவருக்கு. டெங்கி. பெரியாஸ்பத்திரியில இருக்காரு. அணுக்கள் எறங்கிகிட்டே இருக்கு. டாக்டரு சரியா பேச மாட்டேங்கிறாரு." அவள் குரல் உடையவில்லை. உடைந்தால் ரொட்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தவள் போல இறுக்கமாகப் பேசினாள். "ஒங்க மகனுக்கு இதேதான்னு சொன்னாங்க. ஒரு துண்டுக்கா."

சுற்றி நின்றவர்கள் நவமணியைப் பார்த்தார்கள். ஹாஜரா வாரியைக் கீழே போட்டுவிட்டார். ஒரு துண்டு ரொட்டியில் ஏரி கெட்டுவிடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். நவமணிக்கும் தெரியும். அந்த நாற்காலி, அந்த வாடை, முகத்தைப் பார்க்காத டாக்டர், எல்லாம் இந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தன. சரி போட்டுக்கோ என்று சொல்ல வாய் திறந்தாள். சொன்னால், அடுத்த சனிக்கிழமை இதே போல் இன்னொருத்தி வருவாள். அவளுக்கும் ஒரு துண்டுதான் தேவைப்படும்.

"பசியாறுனியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"அந்த ரொட்டிய நீ சாப்பிடு. அவருக்காக ஓடியாட ஒனக்குத் தெம்பு வேணும்." மோகனாவின் தோளைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள். "இது எங்க போவுதுன்னு தெரியுமா? இங்கிருந்து குழாயில எறங்கி டவுனுக்குத்தான் போவுது. ஒங்க பெரியாஸ்பத்திரிக்கும் இதான். அவரு முழுங்குற மாத்திரைக்கு இந்தத் தண்ணி. நர்ஸு அவரு மூஞ்சியத் துடைக்கிறது இந்தத் தண்ணி. இதுல இன்னொரு துண்டு போடச் சொல்றியா?"

மோகனா பச்சைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரொட்டியை ஹாஜராவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து தன் ஷூவைக் கழற்றினாள். பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். மேசையிலிருந்து ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இதைச் செஞ்சா அவரு பொழச்சிருவாராக்கா?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு நவமணியிடம் பதில் தயாராக இருந்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள், நிச்சயமாக, கவலைப்படாதே என்று.

"தெரியாதும்மா," என்றாள். "அன்னிக்கும் எனக்குத் தெரியாது."

மோகனா தலையாட்டினாள். ஒரு படி இறங்கி நின்று திரும்பினாள். "நீங்க நிறுத்திட்டீங்களே. ஒங்க மகனை நெனைச்சா பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு," என்றாள் நவமணி. "கையக் குடு, படி வழுக்கும்."